குடவோலைக்கு முந்நூறு ஓலை: அண்ணன் விட்ட இடத்திலிருந்து

பனை ஓலை வளையாமல் உள்ளங்கையில் நின்றது. நாலு மாதமாக இதற்காகத்தான் அலைந்தேன். பிப்ரவரி கடைசியில் பள்ளி மைதானத்தில் ஓர் ஆறாம் வகுப்புப் பையன் குடத்துக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தான், நான் ஐந்து விரலையும் அகல விரித்து வாங்கினேன், நல்ல காற்று அடித்தும் ஓலை அசையவில்லை. குடவோலைத் தேர்வைப் பள்ளியில் நடத்திக் காட்ட இந்த ஓலைகளை எப்படிச் செய்தேன், எங்கெல்லாம் தப்பு செய்தேன் என்று எழுதி வைக்கிறேன். அடுத்து யாராவது செய்தால் என்னைப் போல மூன்று தடவை ஓலை வெட்ட வேண்டியிருக்காது.

முதலில் இந்த வேலை யாருடையது என்று சொல்ல வேண்டும். அண்ணன் தபால்காரர். உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் இருபத்தெட்டு வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவர். எனக்குத் தச்சுப் பட்டறை. 2016-இல் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் ஒருவர் தரையோடு தரையாக உட்கார்ந்து கல்வெட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார், "என்னண்ணா தேடுறீங்க" என்று கேட்டேன், அன்று சாயங்காலம் வரை வீட்டுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன். சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் அந்தச் சுவரில் வெட்டியதுதான் குடவோலை விதிகள், அதாவது குடத்தில் ஓலை போட்டு ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகள். முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, கட்டை மூடும் வாயோலையை மேலே வைத்துக் குடத்தில் போடுவார்கள். அங்கிருக்கும் நம்பிமாரில், அதாவது கோயில் பூசகர்களில், மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவார். ஒன்றும் அறியாத ஒரு சின்னப் பையன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான், அதைப் பிரித்து இன்னொரு குடத்தில் போட்டுக் குலுக்கி அதிலிருந்து ஓர் ஓலை எடுப்பான். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிப்பான், பிறகு நம்பிமார் எல்லோரும் படிப்பார்கள். அந்த ஐந்து விரலில்தான் அண்ணன் மயங்கிப் போனார். "கையில எதையும் மறைச்சு வச்சு மாத்தக் கூடாதுன்னு விரலை விரிக்கச் சொல்லிக் கல்லுல வெட்டியிருக்கான் தம்பி" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

இதைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்திக் காட்டுவது எங்கள் வேலை. 2017-இலிருந்து ஐந்து முறை நடத்தினோம். அவர் மத்தியஸ்தன், நான் குடம் தூக்குகிறவன், பெஞ்சு போடுகிறவன். முதல் மூன்று முறை கல்யாணப் பத்திரிகை அட்டையை நறுக்கித்தான் எழுதினோம். விரித்த உள்ளங்கையில் அட்டை நிற்காது, காற்றுக்குப் பறந்துவிடும். பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். "காகிதத்துல எழுதினா அது சீட்டுக் குலுக்கல் தம்பி. ஓலைதான் வேணும்" என்றார் அண்ணன். அப்புறம் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஓலை தயார் செய்து மாதிரிக்கு வைத்துக்கொண்டார். போன வருடம் முழு முந்நூறையும் ஓலையிலேயே செய்வது என்று முடிவு செய்தார். பள்ளியில் ஆறிலிருந்து பத்து வரை ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஓர் ஓலை. குடும்புக்குப் பத்து வீதம் முந்நூறு, வாயோலை முப்பது, மொத்தம் 330.

அக்டோபரில் ஒரு விடியற்காலை அண்ணன் போய்விட்டார். தூக்கத்திலேயே. முந்தின நாள் சாயங்காலம் என் பட்டறைக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போயிருந்தார்.

காரியம் முடிந்த பிறகு அண்ணி ஒரு துணிப்பையும் ஒரு பிஸ்கட் டின்னும் கொடுத்தார். பையில் அவருடைய எழுத்தாணி, ஒரு நோட்டு, அவர் எழுதி முடித்த 112 ஓலை. டின்னில் இன்னும் எழுதாத ஓலை 140. டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறிய வாடையிலேயே தெரிந்துவிட்டது, பூஞ்சை. மழைக்காலத்தில் காற்றுப் போகாத டின்னில் மூடி வைத்திருந்ததால் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. எலுமிச்சைப்புல் எண்ணெய் 100 மில்லி 280 ரூபாய்க்கு வாங்கி, பஞ்சில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். 38 தேறியது. மற்றதெல்லாம் துடைத்த இடத்தில் கறையாகி, மடக்கினால் முறிந்தது.

எழுதிய 112-இலும் ஒரு சிக்கல். அவர் போன வருடப் பட்டியலைப் பார்த்து எழுதியிருந்தார். அதில் 23 பிள்ளைகள் பத்தாவது முடித்துவிட்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். அவற்றையும் சேர்த்துக் கட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர் கையால் எழுதியதை ஒதுக்க மனம் வரவில்லை. ஆனால் அந்த ஊரில் சொந்த மனையில் வீடு இருக்கிறவன் பெயர்தான் குடத்துக்குள் போகும் என்று கல்வெட்டு சொல்கிறது. ஊரில் இல்லாதவன் பெயரைப் போட்டால் அண்ணனே எடுத்து வெளியே வைத்திருப்பார். 23-ஐயும் தனியாகக் கட்டி எடுத்து வைத்தேன். ஆக அவர் ஓலை 89. நான் எழுத வேண்டியது 211, வாயோலை 30. கையில் இருக்கிற 38 போக இன்னும் 203 ஓலை தயார் செய்ய வேண்டும். இதுவரை ஓர் ஓலைகூட நான் பதப்படுத்தியதில்லை. அதெல்லாம் அவர் வேலை.

முதல் முயற்சி, நவம்பர். ஏரிக்கரையில் வெட்டிப் போட்டிருந்த பச்சை மட்டை கிடந்தது, காசில்லாமல் கிடைத்ததே என்று தூக்கி வந்தேன். நன்றாக விரிந்து முற்றிய சாரோலை அது, கூரைக்கும் வேலிக்கும் போகிற ஓலை. ஈர்க்கை உருவி, அளவுக்கு நறுக்கி, வெயிலில் இரண்டு நாள் போட்டேன். குழாய் மாதிரி சுருண்டுகொண்டது. தண்ணீரில் ஊறவைத்து நிமிர்த்தி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினேன். பலகையை எடுத்ததும் தட்டையாகத்தான் இருந்தது, எழுத்தாணியை வைத்து ஒரு வளைவு இழுத்ததும் நரம்போடு பிளந்துகொண்டு போனது. முப்பது ஓலையும் அடுப்புக்குப் போனது.

இரண்டாவது முயற்சி, டிசம்பர் முதல் வாரம். இந்த முறை மரம் ஏறுகிறவரிடம் சொல்லி ஒரு குருத்து வெட்டினேன், 400 ரூபாய். ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் தொட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், அது சரிதான், குருத்தை எடுத்தால் மரத்துக்குத்தான் வலி. நான் கேட்டது இளங்குருத்து, இன்னும் வெளிர்மஞ்சளாகக் குச்சி போல நிற்பது. மெல்லியதாக இருந்தால் எழுத வரும் என்று நினைத்தேன். அண்டாவில் தண்ணீர், அதில் சோடா உப்பு இரண்டு கரண்டி. நார் சீக்கிரம் இளகும் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு மணி நேரம் கொதித்தது. எடுத்துப் பார்த்தால் வெந்த கீரை மாதிரி துவண்டு கிடந்தது. காய்ந்த பிறகு காகிதம்போல லேசாகி, மேல்தோல் தனியாக உரிந்து வந்தது. ஊதினால் பறக்கிறது. அட்டையை விட மோசம்.

இதற்கு அப்புறம்தான் அவருடைய நோட்டை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். அதுவரை புரட்டிப் பார்த்ததோடு சரி, அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் மேலே படிக்க முடியவில்லை. தபால் ரசீதின் பின்பக்கங்களைக் கோத்துத் தைத்த நோட்டு. நடுவில் ஒரு பக்கத்தில் இருந்தது: குருத்து விரிந்தும் விரியாமலும் இருக்க வேண்டும், நுனி மட்டும் பச்சை தட்டியிருக்க வேண்டும். மஞ்சள் தவிர வேறெதுவும் போடாதே. அரை மணி நேரம். வெயில் கூடாது. கீழே, அடிக்கோடு போட்டு, "தம்பியிடம் பலகை கேட்கணும்" என்று எழுதியிருந்தது. அந்தப் பலகையை அவர் என்னிடம் கேட்டார்தான். போன வருடம் ஆடி மாதம். வேலை நெருக்கடியில் பார்க்கலாம் அண்ணா என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது முயற்சியை முதலில் பலகையிலிருந்து ஆரம்பித்தேன். வேப்பம்பலகை, முக்கால் அங்குலம், இரண்டு அடிக்கு ஓர் அடி, ஆறு எண்ணம். இழைத்து, 220 நம்பர் உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆக்கினேன். வேம்பு என்றால் பூச்சியும் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

டிசம்பர் மூன்றாவது வாரம் குருத்து மூன்று, மூன்று மரத்திலிருந்து, 1,200 ரூபாய். நுனி பச்சை தட்டியது. நான் சொன்னதும் ஏறுகிறவர் "இதைத்தான் தபால்காரரும் கேப்பாரு" என்றார். விசிறியின் இரண்டு ஓரத்தையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள நாற்பது இதழ் மட்டும். ஒவ்வொன்றிலும் நடு ஈர்க்கை எடுத்தால் இரண்டு பட்டை. ஒரு பட்டையில் 12 சென்டிமீட்டர் நீளம், 2.8 அகலத்தில் மூன்று துண்டு வரும். ஆனால் முதலிலேயே துண்டாக்கக் கூடாது, முழுப் பட்டையாகவே வேகவைத்துக் காயவைத்த பிறகுதான் நறுக்க வேண்டும். துண்டாக்கி வேகவைத்தால் ஓரம் எல்லாம் அலை அலையாக ஆகிறது, அது முதல் குருத்தில் கற்றுக்கொண்டது.

இருபது லிட்டர் தண்ணீருக்கு மஞ்சள் தூள் 150 கிராம். கொதி வந்த பிறகு பட்டைகளைப் போட்டு முப்பது நிமிடம், விறகை இழுத்து அடக்கமான கொதியில். எடுத்து நிழலில் கொடியில் போட்டு ஒரு ராத்திரி. மறுநாள் கை வைத்தால் சில்லென்று இருக்கும், ஆனால் ஈரம் ஒட்டாது. அந்தப் பதத்தில் எடுத்துப் பழைய வேட்டித் துணிக்கு நடுவே வரிசையாக அடுக்கி, பலகை, மேலே ஓலை, மறுபடி பலகை என்று ஐந்து அடுக்கு வைத்து நாலு மூலையிலும் கிளாம்ப். முதல் நாள் கை இறுக்கம் மட்டும், இரண்டாம் நாள் அரைச் சுற்று, மூன்றாம் நாள் இன்னும் அரைச் சுற்று. துணியைத் தினமும் மாற்ற வேண்டும். ஐந்தாம் நாள் திறந்தேன். வெண்ணெய் நிறத்தில், தட்டையாக, விரலில் வளைத்தால் வளைந்து விட்டால் நிமிர்ந்துகொண்டது. அண்ணியிடம் இரண்டு ஓலை கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார், "இதே வாசனைதான் வீடெல்லாம் இருக்கும்" என்றார்.

பிறகு சங்கு. ஒரு பக்கம் தேய்ந்த பழைய சங்கால் ஒவ்வொரு ஓலையையும் நீளவாக்கில் பத்துப் பன்னிரண்டு தடவை தேய்த்தால் நரம்பு மேடு அமுங்கிவிடுகிறது. உப்புத்தாள் போட்டுப் பார்த்தேன், வேண்டாம், மேல்தோல் போய்விடும், பிறகு கரி எழுத்தில் மட்டும் நிற்காமல் ஓலை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். மூன்று குருத்திலும் சேர்த்து 310 துண்டு தேறியது.

எழுத்தாணி அவருடையதையே எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். 8 மில்லி இரும்புக் கம்பியில் கொல்லர் அடித்துக் கொடுத்தது, 21 சென்டிமீட்டர், தலைப்பக்கம் குண்டு, பிடிக்கிற இடம் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. என் கைக்கு அது பெரியதாக இருந்தது, அவர் விரல் நீளம். அதனால் முதலில் சைக்கிள் போக்ஸ் கம்பியைத் தீட்டி மரப்பிடி போட்டுச் செய்தேன். எடை இல்லாததால் நான் அழுத்த வேண்டியிருந்தது, அழுத்தினால் கிழிந்தது. பிறகு லேத்தில் கொடுத்து 6 மில்லி கம்பியில் தலைக்குப் பித்தளைக் குண்டு வைத்துக் கடைந்து வாங்கினேன், 150 ரூபாய். முனையை ஊசி மாதிரி தீட்டினால் வேலை கெட்டது. தீட்டிவிட்டு 1000 நம்பர் எமரித் தாளில் சுற்றிச் சுற்றி உருட்டி, நகத்தின் மேல் இழுத்தால் கோடு விழ வேண்டும், கீறக் கூடாது, அந்த அளவுக்கு மழுக்க வேண்டும்.

ஓலையை மேசையில் வைத்துப் பேனா மாதிரி எழுதியது அடுத்த தப்பு. ஓர் எழுத்து ஆழம், அடுத்தது தெரியவே இல்லை. ஓலையை இடது கையில் பிடித்து, இடது பெருவிரல் நகத்தின் மேல் எழுத்தாணி சாய்ந்து, அந்த விரல்தான் தள்ள வேண்டும், வலது கை நகராமல் எழுத்தை வளைக்கும், ஓலைதான் இடதுபக்கம் போகும். அண்ணன் இடது பெருவிரல் நகத்தை வளர்த்து அதில் சின்னதாக ஒரு பள்ளம் அறுத்து வைத்திருப்பார், அந்தக் காலத்தில் ஏடு எழுதுகிறவர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள் என்பார். தபால் கொடுக்கும்போது அந்த நகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்பார்கள். எனக்கு நகம் இல்லாததால் பெருவிரலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டேன். வேலை நடந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

புள்ளி வைக்கக் கூடாது. குத்தினால் ஓட்டை விழும், பழைய ஏடுகளில் புள்ளி இல்லாததற்கு அதுதான் காரணம் என்று சொல்வார்கள், எழுதிப் பார்த்தால் உடனே புரிகிறது. ஓலையின் நரம்பு போகிற திசையில் நீளக் கோடு இழுத்தாலும் பிளக்கும். 'ப'வின் அடிக்கோடும் 'ட'வின் அடிக்கோடும்தான் என்னிடம் அதிகம் கிழிந்தவை. அண்ணனுடைய ஓலைகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அவர் 'ப'வை ஒரு கிண்ணம் மாதிரி வளைத்தே எழுதியிருக்கிறார். மூலையே கிடையாது. அவர் எழுத்தைப் பார்த்துப் பார்த்து நான் எழுதியதால் என் எழுத்தும் கொஞ்சம் அந்தச் சாயலுக்கு வந்துவிட்டது.

முதல் நாள் ஒரு மணி நேரத்தில் நாலு ஓலை. கடைசி வாரத்தில் பதினான்கு. பட்டறை மூடிய பிறகு ராத்திரி எட்டரையிலிருந்து பத்தரை வரை, ஜனவரி முழுக்கவும் பிப்ரவரியில் பாதியும். 44 ஓலை எழுதும்போது போனது.

மை. ஆமணக்கெண்ணெய் விளக்கு ஏற்றி மேலே மண்சட்டி மூடியைக் கவிழ்த்து வைத்தால் கரி படியும், இரண்டு மணி நேரத்துக்குக் கால் கரண்டிதான் சேரும், ஆகவே எழுதும்போதே பக்கத்தில் எரியவிட்டுவிடுவேன். தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவியதில் ஓலை முழுக்கப் பிசுபிசுத்தது. நோட்டில் கோவை இலை என்று இருந்தது. வேலியோரம் பறித்துக் கசக்கி அந்தச் சாற்றை முதலில் தேய்த்து, மேலே கரியை விரலால் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, நெல் உமியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தெடுத்து, பருத்தித் துணியால் துடைத்தால் எழுத்து மட்டும் கறுப்பாக எழுந்து வருகிறது. கரி தடவும் முன் கீறல் கண்ணுக்கே தெரியாது. வெறும் ஓலையில் ஒரு பிள்ளையின் பெயர் வருவதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறைந்தது, 241 தடவையும்.

குடத்தில் ஒரு தப்பு. முதலில் வாங்கிய 250 ரூபாய்க் குடத்துக்கு வாய் 8 சென்டிமீட்டர். ஒத்திகையில் பையன் கட்டைப் பிடித்துக்கொண்டு கையை எடுக்க முடியாமல் பயந்துவிட்டான். வாய் 13 சென்டிமீட்டர் இருக்கிற மாதிரி இரண்டு குடம் சொல்லி வாங்கினேன், 700. ஓலைக்கட்டுக்கு நூல் 40. மஞ்சள் அரைக் கிலோ 120. குருத்து, எண்ணெய், லேத் எல்லாம் சேர்த்து மொத்தம் 3,140 ரூபாய். பலகை பட்டறையில் இருந்த மரம், கணக்கில் சேர்க்கவில்லை. அது அவருக்கு நான் தர வேண்டியிருந்தது.

நிகழ்ச்சியன்று ஆரம்பத்தில் அண்ணன் எப்போதும் சொல்வதை நான் சொன்னேன். அந்தக் காலத்தில் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் (வேலி அந்தக் கால நில அளவு) உள்ளவன், வேதம் படித்தவன், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருக்கிறவன் பெயர்தான் குடத்துக்குள் போனது. இங்கே உட்கார்ந்திருக்கிற பெரும்பாலானவர்கள் பெயர் போயிருக்காது, பெண்கள் ஒருவர் பெயரும் போயிருக்காது. இது ஓட்டும் இல்லை, குலுக்கல். அதையும் சொல்லிவிட்டுத்தான் இதன் அருமையைச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை: பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிற்கவே முடியாது, 360 நாள் முடிந்தால் இறங்க வேண்டும். இந்த இரண்டு வரிக்கும் பிள்ளைகளை அவர் எழுந்து நிற்கச் சொல்வார். நானும் சொன்னேன், நின்றார்கள்.

முப்பது குடும்புக்கும் எடுத்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்குப் பன்னிரண்டு, தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு. புள்ளி இல்லாததால் சில பெயரை நான் தடுமாறிப் படித்தேன், பிள்ளையே எழுந்து "அது நான்தான்" என்று சொல்லிவிடும். ஐந்தாவது குடும்பில் வந்த ஓலை கையில் விழுந்ததும் படிக்கும் முன்னே தெரிந்துவிட்டது, 'ப' கிண்ணம் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படித்தேன். முடிந்த பிறகு முப்பதையும் பரப்பி வைத்து எண்ணினேன். எட்டு அவர் எழுதியது.

ஒதுக்கி வைத்த 23-இல் மூன்று பேர் கேள்விப்பட்டு வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மீதி இருபதும் என் மேசையில் இருக்கின்றன, ஆள் வந்தால் கொடுப்பேன்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை. ஓலை எழுதும் வேலை பள்ளி திறந்து புதுப் பட்டியல் வந்த பிறகுதான். குருத்து பதநீர்க் காலத்துக்கு முன்னால் வெட்ட வேண்டும், அப்புறம் மரம் ஏறுகிறவர் கிடைக்க மாட்டார். டின் கூடாது, நான்கு பக்கமும் துளை போட்ட மரப்பெட்டி, உள்ளே வசம்புத் துண்டு, செய்தாகிவிட்டது. வாயோலையை 3.5 அகலத்தில் நறுக்கினால் கட்டுக்கு மேல் இன்னும் நன்றாக மூடும். சைக்கிள் டியூப்பை விட்டுவிட்டேன். இடது பெருவிரல் நகம் இப்போது 3 மில்லி வளர்ந்திருக்கிறது, பள்ளம் அறுக்க இன்னும் இரண்டு மில்லி வேண்டும், அதற்குப் பிறகு அண்ணனுடைய எழுத்தாணியையே எடுத்து இன்னொரு தடவை முயன்று பார்ப்பேன்.